3.18-க்குப் பிறகு: ஒரு பழைய ரெட்மியின் கெர்னல் கணக்கு

திருச்சி சிங்காரத்தோப்பில் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் பழைய போனை நீட்டினால் வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: டிஸ்ப்ளேவா, பேட்டரியா, சாஃப்ட்வேரா? மூன்றாவது என்று சொன்னால், கம்பெனி கடைசியாக வெளியிட்ட அதே மென்பொருளைத் திரும்ப ஏற்றித் தருவார்கள். போன் மறுபடி ஓடும். ஆனால் 2019-இல் நின்றுபோனது 2019-இலேயே நிற்கும். கொஞ்சம் நோண்டத் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகளிடம் கேட்டால் வேறு பதில் கிடைக்கும். “கெர்னலை மாத்திடலாம், புதுசாயிடும்” என்பார்கள். இந்த வாக்குறுதி எந்த அளவுக்குத் தேறும் என்பதை ஒரு குறிப்பிட்ட போனை வைத்துத்தான் எடைபோட முடியும். பொதுவாகப் பேசினால் இரண்டு பக்கமும் ஜெயித்துவிடும்.

நான் எடுத்துக்கொள்வது ஷாவ்மியின் ரெட்மி நோட் 4. 2017 ஜனவரியில் இந்தியாவில் வந்தது, தொடக்க விலை 9,999 ரூபாய். ஸ்நாப்டிராகன் 625 சிப், 4,100 எம்ஏஹெச் பேட்டரி. அந்த ஆண்டு இந்தியாவில் மிக அதிகம் விற்ற போன்களில் ஒன்று. ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்கு வீடு மேசை டிராயரில் இன்னும் ஒன்று கிடக்கக்கூடிய வகை. ஆண்ட்ராய்டு 6-உடன் வந்தது, கம்பெனி 7 வரை ஏற்றியது, தன் மென்பொருளான மியூஐயின் 11-ஆம் பதிப்போடு கைகழுவியது. செட்டிங்ஸில் ‘போனைப் பற்றி’ என்ற பக்கத்தின் அடியில் கெர்னல் எண் 3.18.31 என்று இருக்கும்.

அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. லினக்ஸ் 3.18 வெளியானது 2014 டிசம்பரில். அதன் பராமரிப்பு முடிந்தது என்று லினக்ஸ் தரப்பு அறிவித்தது 2017 பிப்ரவரியில். அதாவது ரெட்மி நோட் 4 நம் ஊர்க் கடைகளுக்கு வந்து ஒரு மாதம் ஆவதற்குள், அதன் அடித்தளம் காலாவதியாகிவிட்டது. வாங்கியவருக்கு இதை யாரும் சொல்லவில்லை. பெட்டியில் பேட்டரி அளவு அச்சிட்டிருந்தது, கேமரா மெகாபிக்சல் அச்சிட்டிருந்தது, கெர்னலின் ஆயுள் மட்டும் எங்கும் இல்லை. பிஸ்கட் பாக்கெட்டுக்குக்கூடக் கடைசித் தேதி போடச் சட்டம் இருக்கிற நாட்டில்தான் இது.

கெர்னல் என்பது திரை, தொடுதல், சார்ஜ், வைஃபை, கேமரா எல்லாவற்றுக்கும் செயலிகளுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் அடுக்கு. ஒரு செயலி எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தீர்மானிப்பதும் அதுவே. அங்கே ஓட்டை விழுந்தால் மேலே போட்ட பூட்டு எதுவும் நிற்காது. ஆகவே அதைப் புதுப்பிக்க வேண்டும் என்ற ஆசையில் தவறில்லை. சிக்கல் எங்கே என்றால், ‘கெர்னல் அப்கிரேடு’ என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன. மூன்றுக்கும் செலவு வேறு, பலன் வேறு. ஒன்றின் பெருமையை இன்னொன்றின் மேல் ஏற்றிப் பேசுவதால்தான் இத்தனை ஏமாற்றம்.

முதல் வேலை, அதே கிளையில் முன்னேறுவது. 3.18.31-ஐ 3.18.140 ஆக்குவது. அதிகாரபூர்வமாக முடித்துக்கொண்ட பிறகும், ஆண்ட்ராய்டு போன்கள் கோடிக்கணக்கில் இதன் மேல் ஓடுகின்றன என்பதற்காக லினக்ஸின் நிலையான கிளைகளைப் பராமரிக்கும் கிரெக் குரோவா-ஹார்ட்மன் 2019 மே வரை 3.18-க்குத் திருத்தங்கள் வெளியிட்டுக்கொண்டிருந்தார். கடைசி எண் 3.18.140. இடையில் 109 வெளியீடுகள். இவற்றில் எத்தனை ரெட்மியின் போனுக்குள் போயின என்று எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. கூகுள் மாதந்தோறும் வெளியிடும் பாதுகாப்பு அறிக்கையில் உள்ளவற்றைக் கம்பெனிகள் பொறுக்கி எடுத்து ஒட்டும், எண் மாறாது. எனவே 3.18.31 என்று காட்டும் போன் முழுக்க 2016-இல் உறைந்துபோனது என்பது மிகை.

ஆனால் பொறுக்கி ஒட்டுவதில் விடுபடுவது நிச்சயம். பைண்டர் என்ற ஆண்ட்ராய்டு உறுப்பில் இருந்த ஒரு பிழையை லினக்ஸ் தரப்பு 2018 பிப்ரவரியிலேயே திருத்திவிட்டது. அது பாதுகாப்புப் பிழை என்ற முத்திரை அதற்கு விழவில்லை. கம்பெனிகள் பார்க்காமல் விட்டன. 2019 அக்டோபரில், அந்தப் பிழையை வைத்துப் போன்களுக்குள் நுழைகிறார்கள் என்று கூகுளின் புராஜெக்ட் ஸீரோ குழு வெளியிட்டபோது, பாதிப்புப் பட்டியலில் கூகுளின் சொந்த பிக்சல் 2 இருந்தது. ஷாவ்மியின் ரெட்மி 5ஏ, ரெட்மி நோட் 5, எம்ஐ ஏ1 இருந்தன. இதில் எம்ஐ ஏ1, நாம் பேசும் ரெட்மி நோட் 4-இன் அதே சிப்பைக் கொண்டது. ஆண்ட்ராய்டுக்கான கெர்னல் கிளையின் எல்லாத் திருத்தங்களையும் மொத்தமாக இறக்கியிருந்தால் ஒன்றரை ஆண்டுக்கு மேற்பட்ட இந்த இடைவெளியே வந்திருக்காது.

அதனால் என் மதிப்பீட்டில், மூன்றில் மிகவும் குறைத்து மதிக்கப்பட்ட வேலை இதுதான். புதுசாக எதுவும் தெரியாது, வேகம் கூடாது, நண்பர்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது. உறுப்புகளை இயக்கும் டிரைவர்கள் அப்படியே இருப்பதால் கேமரா கெடாது, அழைப்பு கெடாது. 2018-இல் முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் உடைந்தபோது மணல் மூட்டையும் பாறாங்கல்லும் கொண்டு அடைத்தார்களே, அந்த மாதிரி வேலை. அழகில்லை, ஆனால் அன்றைக்குத் தண்ணீரை நிறுத்தியது அதுதான். இதன் குறை வேறு: கடையை 2019-இல் சாத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த திருத்தங்களைத் தன்னார்வலர்கள் கையால் பின்னோக்கி எடுத்து ஒட்டினால்தான் உண்டு. ஒருவர் வேலைக்குப் போய்விட்டால், கல்யாணம் ஆகிவிட்டால், அந்தப் போனின் பாதுகாப்பும் அதோடு முடிந்தது.

இரண்டாவது வேலைதான் பையன்கள் கண்ணில் மின்னுவது: 3.18-இலிருந்து 4.9-க்குத் தாவுவது. ரெட்மி நோட் 4-க்கு இது நடந்தது, இப்போதும் ஓடுகிறது. எப்படி முடிந்தது என்பதைப் பார்த்தால் விஷயம் தெளியும். இதற்கு வழிவகுத்தது எந்த மேதையும் இல்லை, குவால்காமின் வியாபாரக் கணக்கு. ஸ்நாப்டிராகன் 625-இன் உறவுக்கார சிப்கள், 450-ம் 632-ம், அடுத்தடுத்த ஆண்டுகளில் புதுப் போன்களில் ஏறின. அவற்றுக்காகக் குவால்காம் இந்தக் குடும்பத்துக்கே 4.9 கெர்னலைத் தயார் செய்தது. 632 சிப்பைக் கொண்ட ஃபேர்போன் 3 அந்த 4.9-இல்தான் ஓடியது. தன்னார்வலர்கள் அந்த நிரல்தொகுதியை எடுத்து ரெட்மியின் திரை, தொடுதிரை, கேமரா சென்சார், கைரேகை ஆகியவற்றுக்குத் தேவையானதை உள்ளே கொண்டுவந்து பொருத்தினார்கள். அதுவும் சாதாரண உழைப்பு இல்லை. ஆனால் உறவுக்கார சிப் இல்லாத போன்களுக்கு இந்த வழியே கிடையாது. மீடியாடெக், யூனிசாக் சிப் போட்ட மலிவுப் போன்கள் நம் கடைவீதிகளில் நிறைய; அவற்றில் பலவற்றுக்கு நிரலே முழுதாக வெளிவருவதில்லை. லினக்ஸின் ஜிபிஎல் உரிமம் மூலநிரலைக் கொடுக்கச் சொல்கிறது. கொடுக்காதவரை நீதிமன்றத்துக்கு இழுக்கப் பணமும் பொறுமையும் உள்ளவர் யார்?

இந்தத் தாவலுக்கு ஏன் அவசரம் வந்தது என்பதற்கும் காரணம் உண்டு. எந்தச் செயலி எவ்வளவு டேட்டா தின்றது என்று கணக்குவைக்கும் வேலையை ஆண்ட்ராய்டு 12-இல் இபிபிஎஃப் என்ற கெர்னல் வசதியின் மேல் முழுதாகத் தூக்கிவைத்தார்கள். பழைய வழியை எடுத்துவிட்டார்கள். 3.18-இல் அந்த வசதி போதிய அளவுக்கு இல்லை. 2022 ஏப்ரலில், தன்னார்வலர்கள் செய்யும் ஆண்ட்ராய்டு வடிவமான லினியேஜ்ஓஎஸ் தன் 19-ஆம் பதிப்பை வெளியிட்டபோது, பழைய கெர்னலில் நின்ற பல கருவிகளைப் பின்னால் விட்டுவிட்டுப் போனதற்கு இதுவே காரணம். எனவே 4.9 என்பது புதிய ஆண்ட்ராய்டுக்குள் போக ஒரு நுழைவுச்சீட்டு. அதற்குமேல் அதற்குப் பெருமை கிடையாது.

பாதுகாப்புக்காக 4.9-க்குப் போகிறேன் என்று இன்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். 4.9-இன் கடைசி வெளியீடு 4.9.337, 2023 ஜனவரியில் வந்தது. அதோடு அந்தக் கிளையும் முடிந்தது. ஒரு பட்ட மரத்திலிருந்து இன்னொரு பட்ட மரத்துக்கு இடம் மாறுகிறோம். இரண்டாவது கொஞ்சம் பிந்திப் பட்டது, அவ்வளவே. பட்டுப்போன பின் வரும் திருத்தங்களை எந்தக் கெர்னலானாலும் தன்னார்வலர் கையால்தான் ஒட்டவேண்டும்.

இன்னொரு பக்கமும் பார்க்கவேண்டும். புதிய எண் என்றால் குறைந்த ஓட்டை என்பது பொதுவாக நம்பப்படுகிறது. 2022-இல் வெளிவந்த ‘டர்ட்டி பைப்’ பிழை 5.8 கெர்னலில்தான் நுழைந்தது. பிக்சல் 6-ம் கேலக்ஸி எஸ்22-ம் மாட்டிக்கொண்டன. டிராயரில் தூங்கிய 3.18 போன்களை அது தொடவேயில்லை. மறுபக்கம், 2016-இல் வெளிவந்த ‘டர்ட்டி கவ்’ 2007-இலிருந்தே லினக்ஸில் இருந்த பிழை, எல்லாரையும் பிடித்தது. பழசாக இருப்பது சில நோய்களிலிருந்து காக்கும் என்பது உண்மை, ஆனால் அதை நம்பி வாழ முடியாது. டர்ட்டி பைப்புக்குத் திருத்தம் வந்தது, பிக்சல் அதைப் பெற்றது. பராமரிக்கும் கை இருந்தால் புதிய ஓட்டையும் பொறுக்கலாம், இல்லாவிட்டால் பழைய ஓட்டையும் கொல்லும்.

பேட்டரி பற்றிச் சொல்லப்படுவதை நான் தனியாக எடைபோட மாட்டேன். எட்டு வருஷமான லித்தியம் பேட்டரி திருச்சி மே மாத வெயிலில் என்ன கெர்னல் போட்டாலும் உப்பும். புது பேட்டரி மாற்றினால் கிடைக்கும் வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் கெர்னல் வேகக் கட்டுப்பாட்டை முறுக்கிப் பெற முடியாது.

மூன்றாவது வேலை வேறு ஜாதி. இதில் குவால்காமின் கிளையையே விட்டுவிட்டு, லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிடும் மூல லினக்ஸுக்குள் போனைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். கம்பெனி தரும் கெர்னலில் மூல லினக்ஸில் இல்லாத நிரல் லட்சக்கணக்கான வரிகள் இருக்கும். அத்தனையையும் தூக்கிப்போட்டு, ஒவ்வொரு டிரைவரையும் லினக்ஸ்காரர்கள் ஏற்கும் ஒழுங்கில் மறுபடி எழுதி, அவர்களின் கடுமையான பரிசோதனையைத் தாண்டி உள்ளே நுழைக்கவேண்டும். அப்படி நுழைந்துவிட்டால் யோகம்தான்: அதற்குப் பிறகு ஒவ்வொரு புதிய லினக்ஸிலும் அந்தப் போன் தானாக இருக்கும். கைவிடப்பட்ட கிளை என்ற பேச்சே இல்லை. 2017-இல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் திட்டம் போனுக்குப் பத்தாண்டு ஆயுள் என்று சொல்லிக்கொண்டு செய்வது இதைத்தான்.

ரெட்மி நோட் 4-இன் வன்பொருள் விவரக்கோப்பு 2023 வாக்கில் மூல லினக்ஸுக்குள் இடம்பிடித்தது. அடிப்படை மட்டும்: துவங்கும், திரையில் எழுத்து தெரியும், தொடுதிரையும் நினைவகமும் யூஎஸ்பியும் வேலை செய்யும். மற்றவை இந்த சிப் குடும்பத்துக்கென்று தன்னார்வலர்கள் வைத்திருக்கும் தனிக் கிளையில் இன்னும் வெந்துகொண்டிருக்கின்றன. கிராஃபிக்ஸுக்கு ராப் கிளார்க் தொடங்கிய ஃப்ரீட்ரீனோ டிரைவர் இருப்பது பெரிய துணை. கேமரா கண்ணை மூடிக்கொள்ளும்.

இந்தப் பாதையில் நன்றாக வேர்பிடித்தது இன்னும் பழைய, இன்னும் மலிவான ரெட்மி 2. 2015 ஆகஸ்டில் ஷாவ்மி இந்தியாவில் தயாரிக்கத் தொடங்கியபோது முதலில் வந்தது அதன் உடன்பிறப்பு ரெட்மி 2 பிரைம். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஸ்ரீசிட்டியில் ஃபாக்ஸ்கான் செய்தது. விலை 6,999. அதன் ஸ்நாப்டிராகன் 410 சிப்பைக் கொண்டு குவால்காம் அதே ஆண்டு டிராகன்போர்டு 410சி என்ற பலகையைப் பொறியாளர்களுக்காக விற்றது. லினாரோ நிறுவனத்தோடு சேர்ந்து அந்தச் சிப்பை மூல லினக்ஸுக்குள் ஒழுங்காகக் கொண்டுபோனார்கள். அந்தப் புண்ணியம்தான் ஏழாயிரம் ரூபாய்ப் போனுக்கும் கிடைத்தது. இங்கேயும் போனின் விதியை எழுதியது அதன் சிப்புக்கு யார் உறவு என்பதே. 410-ஐ விட எவ்வளவோ வேகமான சிப்கள் உறவுக்காரர் இல்லாமல் குப்பைக்குப் போயிருக்கின்றன.

ஆனால் ஒரு போன் என்றால் பேசவேண்டும் அல்லவா? மூல லினக்ஸ் ஓடும் இந்தப் பழைய போன்களில் 4ஜி வழியே குரல் அழைப்பு, அதாவது வோல்ட்டி, பெரும்பாலும் நம்பும்படி வேலை செய்வதில்லை. ஜியோவில் 2016-இலிருந்தே 2ஜியும் 3ஜியும் கிடையாது. வோல்ட்டி இல்லாமல் அதில் அழைப்பே கிடையாது. ஏர்டெல் 2020 வாக்கில் 3ஜியை மூடியது. 2ஜி இருப்பதால் அந்த சிம்மில் ஒருவழியாகப் பேசலாம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்படும் பாராட்டுரைகளில் இந்த ஜியோ சங்கதி வராது. நம் ஊரில் அதுதான் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி பணம். அம்மா மண்டபத்துப் பூக்காரி முதல் சித்திரை வீதி காபிக்கடை வரை க்யூஆர் அட்டை நிற்கிறது. கெர்னலை மாற்ற வேண்டுமானால் முதலில் பூட்லோடரை, அதாவது துவங்கும்போது எந்த மென்பொருளை ஏற்றலாம் என்று தீர்மானிக்கும் பூட்டை, திறக்கவேண்டும். திறந்த போன் கூகுளின் நம்பகச் சோதனையில் தேறாது. வங்கிச் செயலிகள் பல அந்தப் போனில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஏமாற்றும் வித்தைகள் இருக்கின்றன. இந்த மாதம் ஓடும் வித்தை அடுத்த மாதம் ஓடாது. இதில் உள்ள முரணைக் கவனியுங்கள். பணம் புழங்கும் போன் பாதுகாப்பாக இருக்கவேண்டும் என்பதற்காகக் கெர்னலைப் புதுப்பிக்கிறோம். புதுப்பித்ததும் அந்தப் போனில் பணம் புழங்க முடியாமல் போகிறது. 2019-க்குப் பிறகு ஒரு திருத்தமும் காணாத மியூஐ போனை அதே செயலிகளில் பல ஒன்றும் கேட்காமல் ஏற்கும். நம்பகச் சோதனை என்று அழைக்கப்படுவது எதை நம்புகிறது என்பதை இதை வைத்து முடிவு செய்துகொள்ளலாம்.

கெர்னலோடு எல்லாம் மாறுவதாக நினைப்பதும் பிழை. அழைப்புகளைக் கையாளும் மோடத்துக்குள் தனி மென்பொருள் ஓடுகிறது. வைஃபைக்குள் இன்னொன்று. ரகசியங்களைக் காக்கும் பகுதிக்குள் வேறொன்று. இவற்றில் குவால்காம் அல்லது ஷாவ்மியின் கையெழுத்து இருக்கும், வேறு யாரும் மாற்ற முடியாது. கம்பெனி நிறுத்திய தேதியில் அவையும் நின்றன. மேலே எவ்வளவு புதிய கெர்னல் போட்டாலும் அடியில் மோடம் பழைய மோடமே.

இவ்வளவையும் தட்டில் வைத்த பின் எதிர்ச்சான்று இரண்டு. ஃபேர்போன் 2 என்ற ஐரோப்பியப் போன் 2015-இல் வந்து 2023 மார்ச் வரை புதுப்பிப்புகள் பெற்றது. ஏழு ஆண்டுகள். ஆண்ட்ராய்டு 10 வரை ஏறியது. அது கடைசிவரை ஓடியது 3.4 கெர்னலில், நம் ரெட்மியைவிடப் பழசான கிளையில். குவால்காம் அந்தச் சிப்பைக் கைவிட்ட பிறகும் கம்பெனி சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்துத் திருத்தங்களை ஒட்டியது. கெர்னலை மாற்றாமலே போன் நீண்டகாலம் வாழலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. மற்றொன்று, கூகுள் 2025-இல் செய்தது: 2021-இல் வந்த பிக்சல் 6-ஐ 5.10 கெர்னலிலிருந்து 6.1-க்கு வழக்கமான அப்டேட்டாகவே நகர்த்தியது. கேமராவும் கெடவில்லை, வங்கிச் செயலியும் கோபிக்கவில்லை. கெர்னலின் பொதுப்பகுதியையும் சிப்புக்கான டிரைவர்களையும் தனித்தனியாகப் பிரித்துவைக்கும் ஏற்பாட்டைக் கூகுள் முன்பே கட்டியிருந்ததால் இது முடிந்தது. ஆக, பழைய போனில் கெர்னல் மாற்றுவது தொழில்நுட்ப ரீதியாக முடியாத காரியம் என்று கம்பெனிகள் சொன்னதெல்லாம் பாதி உண்மை. முடியும், முதலிலேயே அதற்கென்று கட்டியிருக்கவேண்டும், பிறகு கூலியும் கொடுக்கவேண்டும்.

  

தீர்ப்புக்கு வருகிறேன். போன் ஒருவரின் ஒரே போன், அதில் யூபிஐ, ஜியோ சிம், பேரன் பேத்தி வீடியோ கால் என்றால், கெர்னலைத் தொடவேண்டாம். அந்தப் போனிலிருந்து பணத்தை வெளியே எடுப்பதுதான் செய்யவேண்டிய வேலை. வங்கிக் கணக்கை வேறு போனுக்கு மாற்றிவிட்டு, பழையதைப் பேசுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் அது இரண்டாவது கருவி, பாசுரம் கேட்கவும் செய்தி படிக்கவும் யூட்யூப் பார்க்கவும் என்றால், 4.9 கெர்னலோடு வரும் லினியேஜ் வகை மாற்று மென்பொருள் (ரோம்) தகும். ஒரே நிபந்தனை: அதை மாதாமாதம் புதுப்பிக்க வீட்டில் ஒருவர் பொறுப்பெடுக்கவேண்டும். ஒருமுறை ஏற்றிக்கொடுத்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்விடும் பிள்ளையை நம்பி இதைச் செய்யக்கூடாது. கணினி படிக்கும் மாணவருக்கு, வீட்டுச் சர்வர் ஒன்று வேண்டும் என்பவருக்கு, மூல லினக்ஸ்தான் வழி. அதுதான் மூன்றில் உண்மையான அப்கிரேடு என்று சொல்லத்தக்கது. அங்கே போன் போனாக இருப்பதை நிறுத்திவிட்டு, திரையும் பேட்டரியும் உள்ள ஒரு குட்டிக் கணினியாகிவிடுகிறது. எப்போதும் சார்ஜரில் மாட்டிவைக்காமல் இருந்தால் பேட்டரிக்கும் நல்லது.

இதில் எதைத் தேர்ந்தாலும் கதவு ஒன்றுதான், அந்தக் கதவின் சாவி நம்மிடம் இல்லை. ஷாவ்மி போனின் பூட்லோடரைத் திறக்கக் கம்பெனியின் சர்வர் அனுமதி தரவேண்டும். கணக்குத் தொடங்கி, காத்திருந்து, அவர்கள் சரி என்றால் திறக்கும். ஹுவாவே 2018-இல் திறப்பு எண் கொடுப்பதை நிறுத்தியது. போன் தொழிலையே விட்ட எல்ஜி, 2021 டிசம்பர் 31-ஓடு தன் திறப்புத் தளத்தை மூடியது. அன்று வரை திறக்காத எல்ஜி போன்களுக்கு அந்த நேர்வழி அடைந்துபோனது. ஆகவே ரெட்மி நோட் 4-க்குப் பணிஓய்வு கொடுத்து டிராயரில் போடும் நாளில், உள்ளே இருப்பதை எல்லாம் வேறிடத்தில் எடுத்துவைத்துவிட்டு, எந்தக் கெர்னலையும் போடும் உத்தேசம் இல்லாவிட்டாலும், பூட்லோடரை மட்டும் திறந்து வைத்துவிடுங்கள்.